நாலாவது சீர்

பீடி இலையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, அளவுத் தகரத்தை அதன்மேல் வைத்து, கத்தரியை ஓட்டினாள் பேச்சியம்மாள். டக். திருப்பினாள். டடக். இன்னும் ஒரு திருப்பு. டக். வெட்டுப்பட்ட துண்டு மடியிலிருந்த சுளவு முறத்தில் விழுமுன்னே அடுத்த இலைக்குக் கை போய்விட்டது. வலது காலை நீட்டியிருந்தாள். பெருவிரலில் ஒரு கயிறு. அதன் மறுமுனை உத்திரத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலில் கட்டியிருந்தது. விரலை மடக்கினால் தொட்டில் இவள் பக்கம் வரும். விட்டால் சுவர்ப் பக்கம் போகும். கைக்கு ஒரு தாளம், காலுக்கு ஒரு தாளம், தொட்டிலுக்குள் ஏழு மாசப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை. நாலுக்கு அத்தான் வந்துவிடுவார். புருஷனுக்கு மூத்தவர், சொக்கலிங்க வாத்தியார், உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஐயா. ஒரே வீட்டை நடுச்சுவர் எழுப்பிப் பிரித்ததில் அந்தப் பாதி அவருக்கு, இந்தப் பாதி இவளுக்கு. வந்ததும் வராததுமாகத் தாளை வாங்கிக்கொண்டு டவுனுக்கு, அச்சாபீசுக்குப் போக வேண்டியவர். தமிழ் மன்றத்து ஆண்டு மலர் நாளைக்கு அச்சேறுகிறது. அதில் ஒரு பக்கம் தாய்மார் தாலாட்டு. பேச்சியம்மாளின் தாலாட்டு. அந்தா கிடக்கிறது, புகையிலைத் தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், பறக்காமலிருக்க மேலே ஒரு நூல்கண்டு. ஒன்றல்ல, இரண்டு தாள். ஒன்று இவள் எழுதினது, பீடிக் கட்டில் ஒட்டுகிற லேபிளின் முதுகில். அதன்மேல் அத்தானின் சிவப்பு மை. இன்னொன்று அத்தான் தன் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்த கோடு போட்ட வெள்ளைத் தாள், ஒரே ஒரு தாள். சிவப்பு மையில் இருக்கிறபடி பார்த்து அழகாக எழுதி வைக்கச் சொல்லி உத்தரவு. பார்த்து எழுதுவதற்கு என்ன, ஏழாம் வகுப்பு வரைக்கும் அதைத்தானே செய்தாள், கால் மணி நேர வேலை. காலையிலிருந்து தாளையும் பார்க்கிறாள், இலையையும் பார்க்கிறாள், இலைதான் குறைகிறது. வாய்க்குள்ளேயே ஒரு தரம் ஓட்டினாள்.

கத்தரி சத்தந்தாண்டி காதுகுத்த வரலையடி
பித்தளை சத்தந்தாண்டி பேயெதுவும் வரலையடி
காத்தோட சத்தந்தாண்டி கள்ளன்யாரும் வரலையடி
மூச்சோட சத்தமெங்கே முத்தே

முத்தே. அவ்வளவுதான். முத்தே என்று முடியும்போது தொட்டில் சுவர்ப் பக்கம் போய் நிற்கும். திரும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி கொஞ்சம் நிற்கும். பிறகு வரும். அந்தக் கொஞ்சத்துக்கு இவள் எதையும் எழுதவில்லை. அத்தான் எழுதியிருக்கிறார், முத்தே என்பதற்குப் பக்கத்தில் சிவப்பாக, கீழே ஒரு கொக்கி போட்டு, கண்ணுறங்காய். பாட்டு மூன்று பத்தி, மூன்றிலும் நாலாவது அடி அப்படித்தான் நிற்கும், மூன்று இடத்திலும் சிவப்புக் கண்ணுறங்காய். கொண்டுவந்து கொடுத்தது கனியக்காள், அத்தானின் பெண்சாதி. இந்த வீட்டில் அத்தான் சொல்வதை இவளிடம் சொல்வதும் இவள் சொல்வதை அத்தானிடம் சொல்வதும் கனியக்காள்தான். புருஷனுக்கு மூத்தவரோடு நின்று பேசுகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் பழைய ஆட்களிடம் இல்லை, இப்போது மற்ற வீட்டுப் பெண்களெல்லாம் பேசத்தான் செய்கிறார்கள், இவளுக்கு மட்டும் அது ஒரு வசதியாகப் போய்விட்டது. கல்யாணமாகி மூன்று வருசத்தில் அத்தான் முகத்தைப் பார்த்து ஒரு சொல் கிடையாது. "பேருதான் பேச்சி, வாயைத் தொறந்தா பல்லு கொட்டிருமாட்டி" என்று அக்காள் கேட்காத நாளில்லை. அன்றைக்கு அதே அக்காள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, அத்தானைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏட்டி, ஒம் பாட்டுக்கு ஒரு காலு இல்லையாம். நாலு நாலு சீரா ஒழுங்காத்தான் வருதாம், கடைசி அடியில மூணோட படுத்துக்கிடுதாம். கட்டிலுக்கு மூணு காலு வச்சா நிக்குமான்னு கேக்காக" என்றாள். இவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தளை தட்டுதது, எதுகை ஓடுதது, அதெல்லாம் தாலாட்டுக்கு வேண்டாம்னு விட்டுட்டாகளாம். ஆனா எண்ணிக்கையே குறைஞ்சா அச்சுல போடுதவுக பேரு கெட்டுரும்லா. அதான் ஒரு சீரு போட்டுருக்காக." இவள் அடுத்த இலையை எடுத்தாள். "என்னத்தயாவது சொல்லித் தொலைட்டி, நான் போயி என்ன சொல்ல?" "சரின்னு சொல்லுங்கக்கா." சொல்லிவிட்டாள். முந்தாநாள் சொன்ன சரி. இன்னும் தொண்டையில் கிடக்கிறது, மீன்முள் மாதிரி, எச்சில் விழுங்குகிறபோதெல்லாம் குத்துகிறது.

இதற்கெல்லாம் முதல் காரணமும் கனியக்காள்தான். "ஒம் பாட்டை உங்க அத்தான் சுவத்துல காதை வச்சுக் கேட்டாகட்டி, தட்டுல சோறு ஆறிப்போச்சு, மலருக்கு எழுதித் தரச் சொல்லுதாக" என்று சிரித்தாள். அத்தான் சுவர் வழியே கேட்டது ஒரு நாள். இவள் கேட்டது மூன்று வருசம். அது யாருக்குத் தெரியும். சாயங்காலமானால் அந்தப் பாதியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் டியூசனுக்கு வந்து உட்காரும். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம் என்று சுவர் அதிரக் கத்தும். இவள் இந்தப் பக்கம் பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். முதலில் ஏதோ மாங்காய்க் கணக்கு என்றுதான் நினைத்தாள். போன வருசம் வயிற்றில் மூன்று மாசம். புளிமா, புளிமா என்று இருபது தொண்டை சேர்ந்து சொன்னால் மசக்கைக்காரிக்கு எப்படி இருக்கும். வாயெல்லாம் ஊறி, சுற்றுகிற பீடியைக் கீழே வைத்துவிட்டு, கனியக்காளிடம் போய் மாங்காய் கேட்டாள். "கார்த்திகை மாசத்துல மாங்காய்க்கு நான் எங்கட்டி போவேன், ஒனக்கு யாரு இப்ப அதை நெனப்பு மூட்டுனா" என்றாள் அக்காள். உங்க வீட்டு இலக்கணந்தான் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. பிறகு ஒரு நாள் அத்தான் ஒரு பிள்ளையை அதட்டிக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது. ஒரே தட்டாக விழுந்தால் நேர், ரெண்டு எழுத்து ஒட்டிக்கொண்டு ஓடி விழுந்தால் நிரை. அப்போது கத்தரி கையில் இருந்தது. டக். இது நேர். டடக். இது நிரை. அடடா என்றிருந்தது. இதைத்தானே பன்னிரண்டு வயசிலிருந்து வெட்டிக்கொண்டிருக்கிறோம், இதற்கா இத்தனை அதட்டல். கத்தரி என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள், டக் டடக், நேர் நிரை, கூவிளம். கையில் இருக்கிற சாமானே கூவிளம். அப்புறம் பார்த்த பொருளையெல்லாம் வெட்ட ஆரம்பித்தாள். சுளவு, சோறு, சுண்ணாம்பு டப்பா, கனியக்காள், கேரளத்தில் பேக்கரியில் வேலை பார்க்கிற புருஷன் இசக்கிமுத்து, எல்லாவற்றையும். தன் பெயரையும் வெட்டிப் பார்த்தாள், பேச், சியம், மாள், நேர் நிரை நேர். யாரிடமும் சொல்லவில்லை. திருடின சாமானை யார் வெளியே காட்டுவார்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று அத்தான் எல்லாரையும் பார்த்து, "மணிமொழி. நிரை நிரை. கருவிளம்" என்று கைவிரலை மடக்கிக் காட்டினார். வந்திருந்த சனம் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் அது சரி என்று தெரிந்த ஒரே ஆள் கதவுக்குப் பின்னால் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் வயிற்றெரிச்சல். ஒன்றும் தெரியாதவளாக இருந்தால் படித்தவர் சொன்னார் என்று போயிருக்கலாம். கண்ணுறங்காய் என்பதையும் நேற்றே வெட்டிப் பார்த்துவிட்டாள். கண், ணுறங், காய். நேர் நிரை நேர். சத்தமெங்கே என்பதற்கு அதே அளவு. பேச்சியம்மாள் என்பதற்கும் அதே அளவு. உட்கார வைத்தால் சிக்கென்று உட்காரும், ஒரு குறை சொல்ல முடியாது. சொல் நல்ல சொல், எல்லாத் தாலாட்டிலும் வருகிற சொல், அத்தான் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. கால் இல்லாத கட்டிலுக்குக் கால் வைத்துக் கொடுத்திருக்கிறார். டக். டடக். ஆனால் அந்த இடம் காலியாக இல்லையே. அங்கே ஆள் இருக்கிறது. ஆள் இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தால். இதை எப்படிச் சொல்வது. சொன்னால் என்ன கேட்பார், எங்கே இருக்கு, காட்டு என்பார். காட்டுகிற மாதிரியா இருக்கிறது அது. பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில், வெளியே வந்துவிட்டது என்று தெரிந்தது, உடம்பு லேசானது, சத்தம் மட்டும் வரவில்லை. பெண் என்றார்கள். பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கினார்கள், பாதத்தில் சுண்டினார்கள், ஒரு நர்ஸ் அம்மாள் மட்டும் தாழ்ந்த குரலில், "அழு கண்ணு, அழுதுரு, எங்க அழு பாப்போம்" என்று யாரிடமோ விலை பேசுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு விசிறி, சுற்றும்போது ஒரு இடத்தில் மட்டும் கிளிக் என்று சத்தம் போடும். கிளிக். கிளிக். கிளிக். இவள் அந்த மூன்றைக் கேட்டாள். நாலாவதுக்குக் காத்துக்கொண்டு கிடந்தாள். அந்த நாலாவது வருவதற்குள் இவள் பார்க்காத இடமில்லை. ஏழாம் வகுப்புப் பெஞ்சு, அம்மாவின் சுளவு, இலை ஊறுகிற ஈரச் சாக்கு, தூள் நெடி, ஐயோ தூள் நெடியிலேயே உட்கார்ந்திருந்தோமே பத்து மாசமும், அதுதானோ, அதுதான் உள்ளே போய் அடைத்துக்கொண்டதோ. அப்புறம் ஒரு கீச்சு. பூனைக்குட்டி மாதிரி. அப்புறம் ஊரே கேட்கிற அழுகை. எல்லாரும் சிரித்தார்கள். "ஒண்ணுமில்லம்மா, ஒரு நிமிசம்கூட இருக்காது" என்றாள் நர்ஸ் அம்மாள். ஒரு நிமிசம் இருக்காதாம். அதை அளந்தவள் அவளில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த நிமிசமும் கூடவே வந்துவிட்டது. தொட்டிலில் போட்டு ஆட்டுவாள், பிள்ளை தூங்கும், சேலை மூடியிருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. எழுந்து போய்ப் பார்க்கலாமென்றால் மடியில் சுளவு, சுளவில் தூள், எழுந்தால் எல்லாம் சிந்தும். கத்தரிச் சத்தம், பக்கத்து வீட்டுப் பாத்திரச் சத்தம், கதவைக் காற்று அடிக்கிற சத்தம், எல்லாம் கேட்கும், கேட்க வேண்டிய ஒன்று மட்டும் கேட்காது. அதற்காகத்தான் ஒவ்வொரு சத்தமாகப் பெயர் சொல்லித் தள்ளி வைத்தாள். இது கத்தரி, நீ போ. இது பித்தளை, நீ போ. இது காற்று, நீயும் போ. மூன்று அடியில் மூன்றையும் தள்ளிவிட்டு, நாலாவதில் கேட்டுவிட்டு, நிறுத்திவிடுவாள். கத்தரி நிற்கும். வாய் நிற்கும். தொட்டில் சுவர்ப் பக்கம் போய் நிற்கிற அந்தக் கொஞ்சத்தில், சேலை இழுபடுகிற சத்தம்கூட இல்லாத அந்தக் கொஞ்சத்தில், உள்ளேயிருந்து வரும். உஸ். மெல்லிசாக, மூக்கில் சளி இருந்தால் கொஞ்சம் கரகரவென்று. வந்ததும் விரல் மடங்கும், தொட்டில் திரும்பும், கத்தரி ஓடும். அதுதான் நாலாவது சீர். பாட்டில் மற்றதெல்லாம் இவள் போட்டது, அது ஒன்றுதான் பிள்ளை போட்டது. சுற்றுகிற நேரமானால் அந்தச் சமயத்தில் கையில் இருக்கிற பீடி மட்டும் கொஞ்சம் நெகிழ்ந்து போகும், நூல் இறுகாது. கட்டைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் அங்கே வாங்கிப் பார்க்கிறவர் விரலால் அமுக்கி அமுக்கி எடுத்து வெளியே போடுவார். "எல்லாம் கல்லு மாதிரி இருக்கு, அங்கங்க ஒண்ணு மட்டும் ஏம்மா தொள தொளன்னு வருது? சுத்துறப்ப என்ன, தூங்கிருதியா?" இவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வெளியே விழுந்து கிடந்த பீடிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் பிள்ளை மூச்சுவிட்ட இடம்.

சரி என்று சொல்லிவிட்டோமே, பாடித்தான் பார்ப்போம் என்று நேற்று மத்தியானம் பாடிப் பார்த்தாள். மூச்சோட சத்தமெங்கே முத்தே கண்ணுறங்காய். அழகாகத்தான் போனது. வழுக்கிக்கொண்டு போனது. முதல் பத்தி முடிந்து இரண்டாவது, அது முடிந்து மூன்றாவது, நிற்கிற இடமே இல்லை, சரிவில் விட்ட சைக்கிள் மாதிரி. கை ஓடியது, கால் ஓடியது, நெகிழ்ந்த பீடி ஒன்றுகூட இல்லை, அத்தனையும் கல். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நேரமும் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. எங்கே எங்கே என்று மூன்று தரம் கேட்டிருக்கிறாள், பதில் வருமுன்னே மூன்று தரமும் தானே தூங்கு தூங்கு என்று சொல்லியிருக்கிறாள். மூச்சு எங்கே என்று கேட்டுவிட்டு, தூங்கு என்று சொன்னால். சுளவு எங்கே விழுந்தது, தூள் எங்கே சிந்தியது, கயிறு காலில் சுற்றி இடறினதும் தெரியாது, சேலையை விலக்கி முகத்துக்குக் கிட்டே காதைக் கொண்டுபோனாள். கயிறு இழுத்த இழுப்பில் பிள்ளை விழித்துக்கொண்டு இவள் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. கனியக்காள் எட்டிப் பார்த்து, "தூளை என்னட்டி கோலமா போட்டுருக்க" என்றாள். இவள் உட்கார்ந்து தூளை அள்ளினாள். அள்ளத் தொடங்கினபோது பயம், அள்ளி முடிக்கிறபோது அது வேறாக இருந்தது. அது என்னவென்று தெரிய இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் ஆனது. கோபம்.

கோபம் வந்தால் நல்லதுதான், ஆனால் கோபத்தைக் கனியக்காளிடம் சொல்லி அனுப்ப முடியுமா. அக்காள் இன்றைக்குப் பீடிக்கடையில் கட்டுக் கொடுக்கப் போயிருக்கிறாள், திரும்பி வர ஐந்தாகும். நாலு மணிக்கு அத்தான் வரும்போது நடுவில் நிற்க ஆளில்லை. பேசாமல் எழுதி வைத்துவிட்டால் என்ன. ஞாயிற்றுக்கிழமை போனில் இசக்கிமுத்துகூட, "அண்ணன் படிச்சவுக, அவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும், புக்குல ஒம் பேரு வருதுல்லா, எனக்கு ஒண்ணு அனுப்பு, இங்க பேக்கரியில காட்டணும்" என்றான். புத்தகத்தில் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும், வாயில் ஒன்று இருக்கட்டும். யாருக்கு நட்டம். டக். டக். இல்லை. அச்சில் ஏறினதுதான் நிற்கும். நாளைக்கு ஒருத்தி அதைப் பார்த்துத் தன் பிள்ளைக்குப் பாடுவாள், நிற்காமல் பாடுவாள். அதுவுமில்லாமல் நின்றால் தப்பு என்று யார் சொன்னது. ஒரு தரம் சொன்னார்கள். ஏழாம் வகுப்பில், காலைக் கூட்டத்தில், மனப்பாடப் பாட்டுச் சொல்ல இவளை முன்னால் நிறுத்தினார்கள். இரண்டு அடி சொன்னாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள். வார்த்தை மறந்துகூடப் போகவில்லை, அத்தனை தலையும் ஒரே சமயத்தில் இவளைப் பார்த்தது, அவ்வளவுதான். பின்வரிசையில் யாரோ கெக்கென்று சிரித்தது, பிறகு எல்லாம் சிரித்தது, டீச்சர் கையை ஆட்டி, "போ, போய் நில்லு" என்றார். அந்த வருசத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது, அம்மா சுளவைக் கொடுத்தாள், சுளவுக்கு முன்னால் பேச வேண்டியதில்லை. அன்றிலிருந்து நின்றுபோவது என்றாலே இவளுக்குக் காது சுடும். அத்தானின் சிவப்பு மையைப் பார்த்தபோதும் முதலில் காதுதான் சுட்டது. மறுபடி நின்னுட்டியே. போ, போய் நில்லு. ஆனால் அன்றைக்கு நின்றது வேறு. இப்போது நிற்பது வேறு. இங்கே இவளாக நிறுத்துகிறாள், அத்தனை சத்தத்தையும் வரிசையில் நிறுத்தி வாயை மூடு என்று சொல்கிறாள், டீச்சர் மாதிரி.

நேற்றுச் சாயங்காலம் இன்னொன்று நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வெண்பா நடந்துகொண்டிருந்தது. எல்லா அடிக்கும் நாலு சீர், கடைசி அடிக்கு மட்டும் மூணு சீர் என்று அத்தான் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். இவள் கத்தரியை நிறுத்தினாள். ஒரு பெண்பிள்ளை கேட்டது, "ஐயா, கடைசி அடியில மட்டும் எதுக்கு மூணு?" அத்தான் செருமினார். பிறகு, "இலக்கணம்ட்டி அது. அப்படித்தான் வரும். எழுது" என்றார். இந்தப் பக்கம் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது அவருக்குக் கேட்டிருக்காது. அப்படியானால் அந்தக் காலத்து ஆட்களும் நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று அடி பேசிவிட்டு, நாலாவதில் ஒரு சீரை விட்டுவிட்டு, காதைக் கொடுத்திருக்கிறார்கள். எதைக் கேட்டார்களோ, யார் பதில் சொல்ல வேண்டியிருந்ததோ. வெண்பாவுக்கு விடலாம், தாலாட்டுக்கு விடக் கூடாதோ. கேட்டால் அத்தான் வெண்பா வேற, இது வேற என்பார். வேறதான். வெண்பாவைக் கால் விரலில் கட்டி ஆட்டினதுண்டா அவர். கட்டிலுக்கு மூன்று கால் வைத்தால் நிற்குமா என்றாரே. கட்டில். டடக். கட்டில் நிற்கிற சாமான். இது தொட்டில். தொட்டிலுக்குக் காலே கிடையாதே அத்தான். டக். நிற்பதற்காகவா அதைக் கட்டியிருக்கிறது. இவ்வளவு நேரம் தேடின பதில் கத்தரிக்குள் இருந்த மாதிரி வெளியே வந்து விழுந்தது, இவளே அதைத் திகைத்துப் பார்த்தாள். தொட்டிலுக்குக் கால் கிடையாதே அத்தான். இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள், உதடு அசைய, சத்தம் வராமல். சத்தம் வருமா. வந்தால் எப்படி இருக்கும் அந்தச் சத்தம். அத்தானுக்கு முன்னால் இவள் குரல் எப்படி இருக்கும் என்று இவளுக்கே தெரியாது, கீச்சென்று வருமோ, பூனைக்குட்டி மாதிரி. வரட்டும். கீச்சென்று வந்தவள்தானே இப்போது இந்தத் தூக்கம் தூங்குகிறாள்.

சுளவை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். காலில் கயிறு இருந்தபடி இருந்தது. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நூல்கண்டைத் தள்ளிவிட்டு, வெள்ளைத் தாளை எடுத்தாள். ஒரே தாள், தப்பாக எழுதினால் வேறில்லை. கத்தரி சத்தந்தாண்டி என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் சரிந்துதான் போனது, ர-வுக்குக் கால் நீண்டுவிட்டது. ஒவ்வொரு சீராக, இடையில் விரல் அகலம் இடம் விட்டு, முதல் அடி, இரண்டாவது, மூன்றாவது. மூச்சோட. சத்தமெங்கே. முத்தே. பேனா நின்றது. அந்த இடத்தில் ஒரு கோடு போடலாமா. புள்ளி புள்ளியாக வைக்கலாமா. புள்ளி வைத்தால் அச்சுக்கோர்க்கிறவர் ஏதோ விட்டுப்போச்சு என்று எதையாவது போட்டு நிரப்பிவிடுவார், நிரப்பாமல் இருக்க யாருக்குத்தான் மனசு வருகிறது. ஒன்றும் வைக்க வேண்டாம். வெறும் தாளாகவே இருக்கட்டும். தாள் நழுவாமலிருக்க இடது கைப் பெருவிரலை அங்கே ஊன்றிக்கொண்டு இரண்டாம் பத்தியை எழுதினாள், பிறகு மூன்றாவதை. எடுத்துப் பார்த்தால் முதல் பத்தியில் முத்தே என்பதற்குப் பக்கத்தில் தூள் கறை, பெருவிரல் ரேகையோடு, காவி நிறத்தில். போச்சு. எச்சில் தொட்டுத் தேய்த்தாள், இன்னும் பரவியது. அத்தான் இது என்ன எழுத்து என்பார். என்னவாவது இருந்துவிட்டுப் போகட்டும், கண்ணுறங்காய் இல்லை, அது போதும். கீழே ஓரத்தில் அத்தான் சிவப்பு மையில் மணிமொழியின் தாய் என்று போடச் சொல்லியிருந்தார். அதையும் எழுதினாள், எழுதிவிட்டு அதன் கீழே, கேட்காமல், பேச்சியம்மாள் என்றும் எழுதினாள். நேர் நிரை நேர். காது சுடவில்லை. தொட்டு வேறு பார்த்தாள்.

மறுபடி சுளவை மடிக்கு இழுத்து, ஒரு இலையை எடுத்து, தகரத்தை வைத்து, இன்னும் நேரமிருக்கிறது, கேட்டால் என்ன சொல்ல வேண்டும், முதலில் அக்கா கடைக்குப் போயிருக்காக என்று சொல்ல வேண்டும், அது சுலபம், அது யாரும் சொல்வது, அப்புறம் தாளை நீட்ட வேண்டும், அப்புறம் கட்டில், இல்லை, கட்டிலில் ஆரம்பித்தால் சண்டை மாதிரி ஆகிவிடும், ஆகட்டுமே, டக், அத்தான் கெட்டவரில்லை, சோறு ஆறுகிற வரைக்கும் காதை வைத்துக் கேட்டவர், ஆனால் சுவர் வழியே கேட்டிருக்கிறார், சுவர் வழியே கேட்டால் பாட்டு மட்டுந்தான் வந்திருக்கும், பிள்ளையின் உஸ் அந்தப் பக்கம் போயிருக்காது, அதனால்தான் அவருக்கு அங்கே ஒன்றும் இல்லை, அதைச் சொன்னால் போதுமே, டடக், அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான், கேட்காததை இல்லையென்று எழுதிவிட்டார், உள்ளே வந்து கேளுங்க அத்தான் என்று சொன்னால், ஐயோ எப்படிச் சொல்வது, இந்தப் பாதிக்குள் அவர் வந்ததே பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றைக்குத்தான், டக், என்று கத்தரி பாதி ஓடியிருக்கும்போது வாசலில் வண்டிச் சத்தம் நின்றது, செருமல் கேட்டது, "கனி" என்று கூப்பிட்டார் அத்தான், "கனி, அந்தத் தாளை வாங்கிட்டு வா, நேரமாச்சு" என்றார், "வீட்டுல யாருமில்லையா?" என்றார், இவள் சுளவை இறக்கி வைத்து, கயிற்றைக் காலிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், கயிறு நீளந்தான், நிலைப்படி வரைக்கும் வந்தது, மூன்று வருசமாகப் பின்னால் நின்ற கதவை ஒதுக்கிவிட்டு முன்னால் நின்று, "அக்கா கடைக்குப் போயிருக்காக அத்தான், தாளு எங்கிட்டதான் இருக்கு" என்று சொன்ன குரல் கீச்சென்று இல்லை, கொஞ்சம் கரகரவென்றுதான் இருந்தது, அத்தான் தாளையும் வாங்கி இவளையும் பார்த்து, "நாலாவது சீரை எழுத விட்டுட்டியேம்மா" என்று மெதுவாகத்தான் கேட்டார், "விடல அத்தான், அங்கதான் இருக்கு, உள்ள வந்து நின்னு கேளுங்க" என்று கயிற்றை ஒரு தரம் இழுத்து விட்டுவிட்டு, ஊரே பார்க்கட்டும் என்கிற மாதிரித் தலையை நிமிர்த்தி, வாய்விட்டு, கத்தரியைப் போகச் சொல்லி, பித்தளையைப் போகச் சொல்லி, காற்றையும் போகச் சொல்லி, தொட்டில் சுவர்ப் பக்கம் போய் நிற்கப் போகிற நேரத்தில், மூச்சோட சத்தமெங்கே முத்தே